போர்டில் 6 நம்பர் மட்டும் எழுதினா செல்போனில் போகாது! 04145-ஐ மறந்து போன செஞ்சி

செஞ்சி:
செஞ்சி என்றால் கோட்டை ஞாபகத்துக்கு வரும். ராஜா தேசிங்கு ஞாபகத்துக்கு வருவார். ஆனால் செஞ்சியின் டெலிபோன் கோடு என்ன என்று இன்றைக்கு காலேஜ் படிக்கும் பையனிடம் கேட்டால் தலையை சொறிகிறான். "அப்படின்னா என்னண்ணா?" என்று திருப்பி கேட்கிறான்.

04145. இதுதான் செஞ்சியின் எஸ்.டி.டி. கோடு. ஒரு காலத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த நம்பர். இன்றைக்கு அது தெரியாததால் அவசரத்துக்கு போன் போகாமல் தவிக்கும் நிலைமை வந்திருக்கிறது.

ராத்திரி நேரத்தில் தவிப்பு

சில மாதங்களுக்கு முன்பு ராத்திரி 10 மணி இருக்கும். திண்டிவனம் ரோட்டில் பைக்கில் இருந்து ஒருவர் தவறி விழுந்துவிட்டார். காலில் நல்ல அடி. அந்த வழியாக வந்த நாமும் நாலைந்து பேரும் அவரை தூக்கி ஓரமாக உட்கார வைத்தோம். 108-க்கு சொல்லியாச்சு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் பக்கத்தில் டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று கேட்கலாமே என்று, எதிரே போர்டில் இருந்த ஒரு ஆஸ்பத்திரி நம்பரை பார்த்து ஒருவர் செல்போனில் அடித்தார்.

போகவில்லை. நம்பரை சரிபார்க்கச் சொல்லி பதிவு செய்த குரல்தான் வந்தது. இன்னொருவர் அவர் செல்லில் அடித்தார். அதே குரல். "ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க போல" என்றார் ஒருவர்.

அப்போது டீக்கடையில் இருந்து வந்த பெரியவர் ஒருவர் போர்டை பார்த்துவிட்டு, "முன்னாடி 04145 போடுங்கப்பா" என்றார். போட்டோம். உடனே ரிங் போனது. நர்ஸ் எடுத்தார்.

போர்டில் இருந்தது வெறும் 6 எண். எழுதியவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் எழுதிய காலத்தில் அது போதும். இப்போது போதாது. அவ்வளவுதான் விஷயம்.

செல்போனுக்கு ஊர் கிடையாது

லேண்ட்லைன் போன் ஒரு எக்ஸ்சேஞ்சோடு கட்டப்பட்டது. செஞ்சி வீட்டில் இருந்து செஞ்சி கடைக்கு பேசினால், இரண்டு பேரும் ஒரே ஊர் என்பது எக்ஸ்சேஞ்சுக்கு தெரியும். அதனால் 6 எண் அடித்தாலே போதும்.

செல்போன் அப்படி இல்லை. காலையில் செஞ்சியில் இருக்கும், மதியம் சென்னையில் இருக்கும். 2-ல் ஆரம்பிக்கும் 6 எண்ணை அடித்தால் அது எந்த ஊர் நம்பர் என்று அதற்கு தெரியாது. கடைக்கு எதிரிலேயே நின்று கொண்டு அடித்தாலும் கோடு போட்டால்தான் ரிங் போகும்.

கணக்கு ரொம்ப சுலபம். இந்தியாவில் எந்த போன் நம்பரும் மொத்தம் 10 எண். செஞ்சிக்கு கோடு 4145, அது 4 எண். மீதி 6 எண் வீட்டு நம்பர். புதுச்சேரிக்கு கோடு 413, வீட்டு நம்பர் 7. சென்னைக்கு கோடு 44, வீட்டு நம்பர் 8. ஊர் பெரிசாக பெரிசாக கோடு சின்னதாகும். காரணம், பெரிய ஊருக்கு அதிக நம்பர் வேண்டும். 6 எண்ணில் 2-ல் ஆரம்பிக்கும் நம்பர் 1 லட்சம்தான் வரும். 8 எண்ணில் 1 கோடி வரும்.

அப்படியானால் முன்னால் உள்ள 0? அது கோட்டில் சேர்ந்தது இல்லை. "இந்த கால் வெளியே போகுது" என்று எக்ஸ்சேஞ்சுக்கு சொல்லும் அடையாளம் மட்டுமே. இந்த 0-வில்தான் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கு பிறகு வருவோம்.

வரிசையில் நிற்கும் தென்னாற்காடு

கோடுகளை கொஞ்சம் வரிசையாக பாருங்கள். கடலூர் 04142. விருத்தாசலம் 04143. சிதம்பரம் 04144. செஞ்சி 04145. விழுப்புரம் 04146. திண்டிவனம் 04147.

எல்லாம் பழைய தென்னாற்காடு மாவட்டம்! 1993-ல் விழுப்புரம் மாவட்டம் தனியாக பிரிந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் மாறியது, கோர்ட்டு மாறியது. டெலிபோன் கோட்டில் மட்டும் அண்ணன் தம்பி போல இன்னும் வரிசையாக நிற்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலையோ 04175. அது பழைய வட ஆற்காடு.

கோட்டுக்கு மாவட்ட எல்லையும் கிடையாது, மாநில எல்லையும் கிடையாது. ஆரோவில் இருப்பது விழுப்புரம் மாவட்டத்தில். ஆனால் அங்கே போன் கோடு புதுச்சேரியின் 0413. காஞ்சிபுரத்துக்கு முன்பு 04112 என்று தனி கோடு இருந்தது. பிறகு சென்னையின் 044-ல் சேர்த்துவிட்டார்கள். கள்ளக்குறிச்சி 2019-ல் தனி மாவட்டம் ஆனது. கோடு அதே 04151தான்.

வரிசையாக இருப்பதில் ஒரு கஷ்டமும் உண்டு. கடைசி எண்ணை ஒன்று மாற்றி அடித்தால் செஞ்சிக்கு பதில் விழுப்புரத்தில் யார் வீட்டிலோ மணி அடிக்கும். "செஞ்சிக்கு அஞ்சு" என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் தப்பாது.

பி.பி. நம்பர் ஞாபகம் இருக்கா?

இந்தியாவில் முதன்முதலாக எஸ்.டி.டி. வந்தது 1960 நவம்பரில், கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே. அதற்கு முன்பு எல்லாம் டிரங்க் கால்தான். எக்ஸ்சேஞ்சில் புக் பண்ணிவிட்டு காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று ரகம் உண்டு. சீக்கிரம் கிடைக்கணும் என்றால் காசு அதிகம்.

1980-களின் கடைசியில் இருந்து மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்கு தெரு வந்தன. கண்ணாடி கூண்டு, ஓடும் மீட்டர், சுவரில் ஒட்டிய கோடு பட்டியல். ராத்திரி ஆனால் கட்டணம் குறையும் என்று சாப்பிட்டுவிட்டு வந்து வரிசையில் நிற்பார்கள். மீட்டரை பார்த்துக்கொண்டே "சரி சரி, வச்சிடறேன்" என்று பேச்சை முடிப்பார்கள். மூணு வார்த்தை பேச வந்து ஒரு வார்த்தையோடு திரும்பியவர்கள் எத்தனை பேர்!

வீட்டில் போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரை கொடுத்து, பக்கத்தில் பி.பி. என்று போடுவார்கள். கல்யாண பத்திரிகையிலேயே அப்படி அச்சடித்தார்கள். போன் வந்தால் பக்கத்து வீட்டு பிள்ளை ஓடி வந்து கூப்பிடும். சொந்தமாக போன் வந்த பிறகு பி.பி.யை எடுத்துவிட்டு, கோடோடு நம்பரை பத்திரிகையில் போட்டபோது இருந்த பெருமையே தனி.

2006 மார்ச் 1-ந் தேதி பி.எஸ்.என்.எல். 'ஒன் இந்தியா' திட்டத்தை கொண்டு வந்தது. இந்தியா முழுக்க எங்கே பேசினாலும் நிமிஷத்துக்கு 1 ரூபாய். அதோடு எஸ்.டி.டி. என்ற வார்த்தைக்கு இருந்த பயமும் போனது, மரியாதையும் போனது. செல்போன் எல்லோர் கைக்கும் வந்ததும் பூத்துகள் செராக்ஸ் கடையாகவும் ரீசார்ஜ் கடையாகவும் மாறிவிட்டன.

ஆளுக்கு ஒரு விதமாக எழுதுறாங்க

செஞ்சி கடைவீதியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் போர்டுகளை பாருங்கள். ஒருவர் 04145-2* என்று நடுவில் கோடு போடுகிறார். ஒருவர் (04145) என்று அடைப்புக்குறி போடுகிறார். ஒருவர் இடைவெளியே விடாமல் 11 எண்ணையும் ஒட்டி எழுதுகிறார். இன்னும் சில பழைய போர்டுகளில் 5 எண்தான் இருக்கிறது. 2000-க்கு பிறகு எல்லா நம்பருக்கும் முன்னால் ஒரு 2 சேர்த்ததை அவர்கள் மாற்றவே இல்லை.

அதே காலத்தில் சில வருஷம் பக்கத்து ஊர்களுக்கு பேச 0-வுக்கு பதில் 95 போடும் முறை இருந்தது. இப்போது அது கிடையாது. 95-ல் ஆரம்பிக்கும் செல்போன் நம்பர்களே வந்துவிட்டன.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டும் இல்லை. லண்டனில் 2000-ம் ஆண்டு கோடை 020 என்று மாற்றினார்கள். அதற்கு முன்பு 0171, 0181 என்று இருந்தது. அந்த பழக்கத்தில் இன்னும் பலர் 0207 என்றே பிரித்து எழுதுகிறார்கள். அந்த 7 வீட்டு நம்பரில் சேர்ந்தது. உலகம் முழுக்க இதே கூத்துதான்.

துபாயில் இருந்து ஏன் போகலை?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு ஊரில் இருந்து நம்பர் சொல்லும்போது "91 போட்டு 04145 போடு" என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் தப்பு. 0 உள்ளூர் சமாசாரம். 91 வந்துவிட்டால் 0 வரக்கூடாது. +91 4145, பிறகு 6 எண். இதுதான் சரி.

+ எதற்கு? ஒவ்வொரு நாட்டிலும் வெளிநாட்டுக்கு பேச முன்னால் போடும் எண் வேறு. துபாயில் 00, அமெரிக்காவில் 011. செல்போனில் + போட்டால் அந்தந்த நாட்டுக்கு ஏற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். 0 பட்டனை அழுத்தி பிடித்தால் + வரும்.

2025 ஜூலையில் செஞ்சி கோட்டை யுனெஸ்கோ உலக பாரம்பரிய சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் லாட்ஜுக்கும் ஓட்டலுக்கும் அவர்கள் போனில் இருந்துதான் அடிப்பார்கள். 6 எண் மட்டும் எழுதிய போர்டு அவர்களுக்கு வெறும் பெயிண்ட்தான்.

எப்படி அடிக்கணும், எப்படி எழுதணும்?

* செல்போனில் இருந்து செஞ்சி லேண்ட்லைனுக்கு: 0, 4145, பிறகு 6 எண். உள்ளூரில் இருந்தாலும் இப்படித்தான்.

* லேண்ட்லைனில் இருந்து செல்போனுக்கு: முன்னால் 0 கட்டாயம். 2021 ஜனவரி 15-ந் தேதியில் இருந்து இந்த முறை அமலில் இருக்கிறது.

* வெளிநாட்டில் இருந்து: +91 4145, பிறகு 6 எண். 0 கிடையாது.

* 108, 112 போன்ற அவசர எண்களுக்கு கோடு தேவையில்லை. மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077-க்கு மட்டும், வெளிமாவட்டத்தில் இருந்து அடித்தால் அந்த மாவட்ட தலைநகர் கோடு வேண்டும். விழுப்புரத்துக்கு 04146. வெளியூரில் வேலை செய்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே இதை குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

* போர்டு, பில், பத்திரிகை எதுவானாலும் 04145 என்று எழுதி இடைவெளி விட்டு 6 எண்ணை எழுதுங்கள். வெளிநாட்டு ஆள் வருகிற இடம் என்றால் கீழே +91 4145 என்றும் ஒரு வரி சேருங்கள்.

லேண்ட்லைனில் இருந்து லேண்ட்லைனுக்கு பேசினாலும் 0, கோடு எல்லாம் சேர்த்து முழுசாக அடிக்கும் முறைக்கு போகலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2025 பிப்ரவரியில் பரிந்துரை செய்திருக்கிறது. அது நடைமுறைக்கு வந்தால் வெறும் 6 எண் எங்கிருந்து அடித்தாலும் போகாது.

ஒரு டப்பா பெயிண்ட், 5 நிமிஷ வேலை. உங்கள் கடை போர்டிலும், தெருவில் உள்ள ஆஸ்பத்திரி, மெடிக்கல், கேஸ் ஏஜென்சி போர்டிலும் 04145 இருக்கிறதா என்று இன்றைக்கே ஒரு தடவை பாருங்கள். இல்லை என்றால் உரியவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை ராத்திரியில் யாராவது ரோட்டில் விழுந்தால், கோடு தெரிந்த பெரியவர் பக்கத்து டீக்கடையில் இருப்பார் என்று சொல்ல முடியாது.