நியூஹேவன் மீனவர் நிழற்படங்கள்

எடின்பரோ நகரையடுத்து, ஃபோர்த் கழிமுகக் கரையிலுள்ள நியூஹேவன் என்னும் மீனவரூரின் மக்களை, 1843-க்கும் 1847-க்கும் இடையே, டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியரும் ராபர்ட் ஆடம்சன் என்ற இளைஞரும் நிழற்படங்களாக எடுத்தனர். 1843-இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையினின்று பிரிந்த குருமாரை ஒரே ஓவியத்தில் தீட்டக் கருதிய ஹில், அவர்தம் முகக்குறிப்புக்காகவே ஆடம்சனின் துணையை நாடினார். அவ்வோவியம் 1866-இல் தான் முற்றுப்பெற்றது. யாம் இன்று விரும்பிக் காண்பனவோ மீனவர் படங்களே.

வெள்ளியுப்புப் பூசிய தாளில் உருவம் பதிவதற்கு நல்ல வெயிலும், படமெடுக்கப்படுவோரின் நெடிய அசைவின்மையும் வேண்டியிருந்தன. ஆதலின், பெண்டிர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தும், மீன்கூடையில் கையூன்றியும் காணப்படுகின்றனர். அச்சாய்வை அன்பின் தோற்றமென்றே எம் உள்ளம் கொள்கிறது. பாதி அது இரசாயனத்தின் கட்டாயம்! கோடிட்ட பாவாடைகள் நன்கு விளங்க, தாளின் நாரோ முகங்களைச் சற்றே மென்மையாக்குகிறது. குருமாருக்கு வாய்த்த அதே வெயிலும் அதே பொறுமையும் இம்மீன்விற்கும் மாதர்க்கும் வாய்த்தன.

இவருள் விழிதாழ்த்திய மாது ஒருவரின் படத்தைப்பற்றி, 1931-இல் ஜெர்மானிய அறிஞர் வால்ட்டர் பென்யமீன் எழுதுங்கால், அங்கு வாழ்ந்த அப்பெண்ணின் பெயரைக் கேட்டு நிற்கும் ஏதோ ஒன்று அப்படத்தில் அடங்காதிருப்பதாகக் கூறினார். அம்மாதின் பெயர் எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால்.