பந்துக்குள் போகாத பிகாச்சு

குழந்தைகளே! மஞ்சள் உடம்பும் சிவந்த கன்னமும் கொண்ட பிகாச்சுவை உங்களுக்குத் தெரியும்தானே? அது ஒரு விளையாட்டையே மாற்றிய கதை தெரியுமா?

1996-ல் ஜப்பானில், 'கேம் பாய்' என்ற கையடக்கக் கருவியில் போகிமான் விளையாட்டு வெளியானது. அதில் புல், நெருப்பு, நீர் என்ற மூன்று வகையில் ஒன்றைத்தான் முதல் துணையாக எடுக்கலாம். பிகாச்சுவோ காட்டில் பிடிபடும் பல போகிமான்களில் ஒன்று, அவ்வளவுதான்!

1997 ஏப்ரலில் அது டி.வி. கார்ட்டூன் தொடரானது. கதாநாயகன் ஆஷ் தூங்கிவிட்டுத் தாமதமாக ஓடுகிறான். மூன்றும் போய்விட்டன, மிச்சம் இருந்தது பிகாச்சு. அது பந்துக்குள் போக மறுக்கிறது. தொட்டால் 'ஷாக்' அடிக்கிறது! ஆனால் பறவைக் கூட்டம் தாக்க வந்தபோது, ஆஷ் தன் உடம்பையே கேடயமாக்கி அதன் முன்னே நிற்கிறான். அந்த நிமிடமே இருவரும் நண்பர்கள். பார்த்த பிள்ளைகளுக்குப் பிகாச்சு செல்லமாகிவிட்டது.

பிகாச்சுவைத் திருட வரும் ஜெஸ்ஸியும் ஜேம்ஸும்கூட ரசிகர்களைக் கவர்ந்தார்கள். தோற்றுத் தோற்று வானத்தில் பறக்கும் திருடர்கள் மீது யாருக்குக் கோபம் வரும்?

தொடருக்குக் கிடைத்த வரவேற்பால் 1998-ல் விளையாட்டின் மஞ்சள் பதிப்பு வந்தது. அதில் முதல் துணையே பிகாச்சு! பந்துக்குள் போகாமல் பின்னாலேயே நடந்து வரும். நாம் எப்படி நடத்துகிறோமோ, அப்படி அதன் முகம் மாறும். ஜெஸ்ஸியும் ஜேம்ஸும்கூட வந்துவிட்டார்கள்.

பிகாச்சு எல்லாரையும்விட பலசாலி அல்ல. ஆனாலும் பிள்ளைகள் அதைத்தானே தேர்ந்தெடுத்தார்கள்? உங்களுக்குப் பிடித்த கார்ட்டூன் பாத்திரம் எது? அதன் பலத்துக்காகவா, குணத்துக்காகவா? யோசித்துப் பாருங்கள்!