தீப்பெட்டி நடத்தும் பாடம்!

குட்டீஸ்... வீட்டுச் சமையலறையில் இருக்கும் தீப்பெட்டியை எடுத்து, லேபிளில் உள்ள பொடி எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் என்று ஏதாவது ஓர் ஊர்ப் பெயர் இருக்கும். (பார்க்க மட்டும்தான்... உரசிப் பார்க்கக் கூடாது!)

'தொழில்நுட்பம்' என்றதும் நமக்குக் கம்ப்யூட்டரும் செல்போனும்தான் நினைவுக்கு வரும். ஆனால், இந்தச் சின்னப் பெட்டியும் ஒரு காலத்தில் பெரிய அதிசயம்தான். ஒரு கண்டுபிடிப்பு மனிதர்களின் வாழ்க்கையை எப்படியெல்லாம் மாற்றும் என்பதை இதை வைத்தே படித்துவிடலாம். பள்ளிக்குப் போகிறவர்கள், வீட்டிலிருந்தே படிக்கிறவர்கள் என எல்லோருக்கும் ஏற்ற பாடம் இது!

நெருப்பு கடன் கிடைக்குமா?

தீக்குச்சி இல்லாத காலத்தில் அடுப்பு மூட்டுவது பெரும்பாடு. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பொறி உண்டாக்க வேண்டும். இல்லாவிட்டால், பக்கத்து வீட்டில் கொஞ்சம் நெருப்புக் கங்கு வாங்கி வர வேண்டும்!

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வாக்கர் 1827இல் உரசினால் எரியும் குச்சிகளை விற்கத் தொடங்கினார். பிறகு, குச்சியின் தலையில் வெள்ளை பாஸ்பரஸ் சேர்த்தார்கள். எங்கே உரசினாலும் 'குப்'பென்று எரிந்தது. ஆனால், அந்த நச்சுப் புகையால் தொழிலாளர்களின் தாடை எலும்பே அரித்துப் போனது. 1888இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் பெண்களும் சிறுமிகளும் வேலை நிறுத்தம் செய்தார்கள்.

இத்தனைக்கும், ஆபத்துக் குறைந்த வழி அதற்கு முன்பே ஸ்வீடன் நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது! இப்போது நாம் பயன்படுத்துவது அந்த முறையைத்தான். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கும். இரண்டும் உரசினால்தான் தீப்பிடிக்கும். நல்ல வழி தெரிந்த பிறகும், வெள்ளை பாஸ்பரஸை நிறுத்தச் சட்டம் தேவைப்பட்டது. இந்தியாவில் 1913இல் அதற்குத் தடைச் சட்டம் வந்தது.

கல்கத்தா போன இருவர்

இனி நம்மூருக்கு வருவோம். சிவகாசி மழை குறைவான கரிசல் பூமி. விவசாயத்தை மட்டும் நம்பிப் பிழைப்பது கடினம். 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டார்கள். மறுவருடம் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். விவசாயத்துக்கு உதவாத வறண்ட காற்று, மருந்து முக்கிய குச்சிகளைக் காய வைக்கக் கைகொடுத்தது!

ஒரு தொழில் இன்னொரு தொழிலைக் கூட்டி வரும் இல்லையா? தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதற்கு அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் காலண்டர், டைரி எல்லாம் வந்தன. மருந்து கலக்கத் தெரிந்த ஊரில் பட்டாசும் வந்தது. தீப்பெட்டி, பட்டாசு, அச்சு மூன்றும் சேர்ந்து சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்ற பட்டப்பெயரை வாங்கித் தந்தன.

சின்ன விரல்கள்

இந்தப் பாடத்தில் ஒரு வருத்தமான பக்கமும் உண்டு. குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாமே கைவேலை. எத்தனை பெட்டி ஒட்டுகிறோமோ, அதற்குத்தான் கூலி. வீட்டு வறுமையால் உங்கள் வயதுப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இந்த வேலைக்குப் போனார்கள். விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து, கிராமங்களிலிருந்து அவர்களை ஏற்றிச் செல்லும். (அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள்!) பல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாமலே போனது.

அதை மாற்றியது யார்? ஏதோ ஒரு புது மெஷின் மட்டும் வந்து மாற்றிவிடவில்லை. சிறு வயதிலேயே படிப்பை விட நேர்ந்த காமராஜர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார். மதிய உணவும் கொடுத்தார். அவர் பிறந்த ஊர், இதே மாவட்டத்தின் விருதுநகர்தான்! 1986இல் வந்த சட்டம், தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் 14 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொழிற்சாலைகளில் சேர்க்கத் தடை விதித்தது. 1988இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. 1996இல் சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பான தீர்ப்பு அளித்தது. ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்தவர், ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

மெஷின் வந்தால்..?

இப்போது குச்சி அடுக்கவும், மருந்து முக்கவும், பெட்டியில் அடைக்கவும் மெஷின்கள் இருக்கின்றன. வேலை வேகமாக முடிகிறது. ஆனால், கைவேலையை நம்பியிருந்த எத்தனையோ பெண்களின் வருமானம் குறைந்தது. இன்னொரு பக்கம், காஸ் அடுப்புப் பற்றவைக்கும் லைட்டரும், மலிவான சிகரெட் லைட்டரும் தீப்பெட்டிக்குப் போட்டியாக வந்தன. 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களை இறக்குமதி செய்ய 2023இல் மத்திய அரசு தடை விதித்தது.

பட்டாசு ஆபீஸ்களில் மருந்து கலப்பதும் அடைப்பதும் இன்றும் பெரும்பாலும் கையால்தான் நடக்கின்றன. சின்ன உராய்வு கூடப் பெரிய விபத்தாகிவிடும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மெஷின் முதலில் வர வேண்டிய இடம் இப்படிப்பட்ட ஆபத்தான வேலைதானே? அப்படி வரும்போது, அந்த வேலையை நம்பிய குடும்பங்களுக்கு வேறு வேலையும் வேண்டும் இல்லையா? நன்றாக யோசித்துப் பாருங்கள்.

நீங்களே செய்யலாம்!

தாத்தா, பாட்டியை உட்கார வைத்துப் பேட்டி எடுங்கள். அவர்கள் சின்ன வயதில் அடுப்பு எப்படி மூட்டினார்கள்? விறகா, மண்ணெண்ணெயா? வீட்டுக்குக் கரண்ட் வந்தது எப்போது? உங்கள் வயதில் அவர்கள் பள்ளிக்குப் போனார்களா, வேலைக்குப் போனார்களா? ஒரு நோட்டில் எழுதுங்கள்.

பிறகு தையல் மெஷின், மிக்சி, செல்போன் என வீட்டில் உள்ள ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. இது வந்ததால் யாருடைய வேலை சுலபமானது?

2. யாருடைய வேலை போனது?

3. இதைத் தயாரிக்கிறவர்கள் பத்திரமாக இருக்கிறார்களா?

முதல் கேள்விக்குப் பதில் உடனே வந்துவிடும். மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். தேடுங்கள்! கிடைத்த பதிலை வகுப்பில் சொல்லுங்கள். வீட்டிலிருந்து படிப்பவர்கள், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

என்ன குட்டீஸ்... நோட்டும் பேனாவும் ரெடியா?