மூழ்கிய கப்பல் சொல்லும் பாடம்

யுத்தப் படம்னாலே நமக்கு டமால் டுமீல்தான். எதிரி விமானம் எரிந்து விழணும், கதாநாயகன் ஜெயிக்கணும், தியேட்டரில் விசில் பறக்கணும். ஆனால் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1942-ல் பிரிட்டனில் வந்த 'இன் விச் வி சர்வ்' என்ற படம், சொந்த நாட்டுப் போர்க்கப்பல் மூழ்குவதையே கதையாக்கியது. மெக்கானிக்கல் மாணவனான எனக்கு இது ரொம்பப் பிடித்த படம். ஏன் என்று சொல்கிறேன்.

படம் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்குகிறது. அடித்தளம் போடுவது, தகடு பொருத்துவது, ரிவெட் அடிப்பது எல்லாம் வருகிறது. கேப்டனுக்கு முன்னால் நாம் பார்ப்பது தொழிலாளிகளைத்தான்! பிறகு 1941-ல் கிரீட் தீவு அருகே குண்டு விழுந்து கப்பல் கவிழ்கிறது. எண்ணெய் படிந்த முகங்களோடு ஒரு மிதவையைப் பிடித்துத் தொங்கும் ஆட்களின் நினைவுகளாகக் கதை விரிகிறது. கேப்டனுக்கும் சாதாரண மாலுமிக்கும் ஒரே மிதவைதான்.

இது முழுக் கற்பனை அல்ல. 'கெல்லி' என்ற நாசகாரிக் கப்பலின் கதையைத் தழுவியது. அதன் கேப்டன் வேறு யாருமில்லை, பின்னாளில் நம் நாட்டின் கடைசி வைஸ்ராயாக வந்த மவுண்ட்பேட்டன்தான். இரண்டே பாய்லர், 40,000 குதிரைத்திறன், மணிக்கு 36 நாட் வேகம். அப்பேர்ப்பட்ட கப்பல் 1941 மே 23 அன்று ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சில், ஓடிக்கொண்டிருக்கும்போதே கவிழ்ந்தது. சுமார் 130 பேர் இறந்தார்கள்.

மவுண்ட்பேட்டனின் நண்பர் நோயல் கவர்ட் இதைப் படமாக்க முனைந்தபோது, கப்பல் மூழ்குவதைக் காட்டினால் கடற்படைக்குக் கெட்ட பெயர் என்று தகவல் அமைச்சகம் ஆட்சேபித்ததாம். மவுண்ட்பேட்டன் ஆதரவால் படம் பிழைத்தது. கவர்டே எழுதி, இசையமைத்து, கேப்டனாக நடித்து, டேவிட் லீனோடு சேர்ந்து இயக்கினார். லீன் இயக்குநரானது இதில்தான்.

பிரச்சாரப் படம்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், பிரச்சாரம்தான். ஆனாலும் ஒரு காட்சியை மறக்க முடியாது. சண்டையின் நடுவே பயந்துபோன ஒரு சின்னப் பையன் தன் இடத்தை விட்டு ஓடிவிடுகிறான். கேப்டன் எல்லோரையும் கூட்டி, அவனை எச்சரித்து விட்டுவிட்டதாகச் சொல்கிறார். கடமையை அவனுக்குப் புரியவைக்காதது தன் தவறும்தான் என்கிறார்! அந்தப் பையனாக நடித்தவர், பின்னர் 1982-ல் 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோ. அவருக்கு இது முதல் படம்.

தோல்வியையும் பயத்தையும் மறைக்காததால்தான் அந்தப் படத்தின் தைரியத்தை நம்ப முடிகிறது. டிப்ளமோ முடித்து நாளைக்கு நாமும் பத்துப் பேரை வேலை வாங்கப் போகிறவர்கள். ஷாப்பில் ஒருத்தன் தப்பு பண்ணினால், "அவனுக்கு நான் ஒழுங்கா சொல்லிக் கொடுத்தேனா?" என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். அப்புறம் மெமோ எழுதலாம்!