இனிக்கும் வெங்காயம், நிற்கும் வெங்காயம்



வங்கியில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பெரம்பலூர் மாவட்டத்தில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் காட்டில் நஞ்சில்லாமல் விவசாயம் செய்து வருகிறேன். இந்த முறை வெங்காயத்தில் செய்யும் தொட்டுக்கைகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "விவசாயப் பத்திரிகையில போயி தொக்கும் பச்சடியுமா?" என்று வீட்டம்மா சிரித்தார். ஆனால் நான் பட்டறையில் போட்ட வெங்காயம் அழுகப் போகிறது என்று எனக்கு முதலில் சொன்னது அவருடைய வாணலிதான். அது எனக்குப் புரியத்தான் மூன்று மாதம் ஆயிற்று.

முதல் வருடக் கதை

முதல் முறையாகச் சின்ன வெங்காயம் வைத்தது கார்த்திகைப் பட்டத்தில். அரை ஏக்கர். விதை வெங்காயம் 300 கிலோ. தொழு உரம், ஜீவாமிர்தம், திருகல் நோய் வராமல் இருக்க வேப்ப எண்ணெய்க் கரைசல் என்று எல்லாம் முறையாகவே செய்தேன். தவறு செய்தது கடைசி மூன்று வாரத்தில். வங்கிக்காரன் புத்தி, எடை மேல் கண் போய்விட்டது. காய் இன்னும் கொஞ்சம் பருத்தால் மூட்டைக்கு இரண்டு கிலோ கூடுமே என்று அறுவடைக்கு நான்கு நாள் முன்புவரை தண்ணீர் விட்டேன். தாள் பச்சையாக நிற்கட்டும் என்று மீன் அமிலமும் கொடுத்தேன். இயற்கை இடுபொருள்தானே, கூடினால் என்ன கெட்டுவிடப் போகிறது என்ற நினைப்பு.

வெங்காயம் பார்க்க அவ்வளவு அழகு. உருட்டி உருட்டி வைத்த மாதிரி. 2,300 கிலோ வந்தது. அப்போது மண்டியில் விலை விழுந்து கிடந்ததால் 1,500 கிலோவை மட்டும் போட்டுவிட்டு, மீதி 800 கிலோவைப் பட்டறையில் வைத்தேன். 300 கிலோ வைகாசிப் பட்டத்துக்கு விதை, மிச்சம் விலை ஏறினால் விற்க. இதுதான் கணக்கு.

அந்த மாசியில் எங்கள் வீட்டில் வெங்காயப் பச்சடிதான் தினமும். நறுக்கினால் கண் எரியவில்லை. பச்சையாகக் கடித்தால் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி நறுக்கென்று இனித்தது. பேரப்பிள்ளைகள் கம்மங்கூழுக்கு இரண்டு மூன்று கேட்டு வாங்கிக் கடித்தார்கள். ஆனால் வீட்டம்மா மட்டும் ஒரு குறை சொன்னார். "பச்சையாத் தின்ன நல்லா இருக்குங்க. வதக்கினா ஒரே தண்ணி. தொக்கு திரளவே மாட்டேங்குது. தாளிச்சா மணமும் இல்ல." நான் காதில் வாங்கவில்லை.

சித்திரைக் கடைசியில் பட்டறையைப் பிரித்தபோது நாற்றம்தான் முதலில் வந்தது. நல்ல காயாகத் தேறியது 330 கிலோ. மீதி அழுகல், முளைப்பு. விதைக்கு எடுத்து வைத்தால் விற்க ஒன்றும் இல்லை. பக்கத்துக் காட்டு அக்காவுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். பொறுக்க உதவிக்கு வந்தவர் ஒரு காயைப் பிதுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தண்ணி குடிச்ச வெங்காயம் திங்க இனிக்கும், வைக்க நிக்காது. கண்ணுல தண்ணி வரவச்சாத்தான் அது பட்டறை வெங்காயம்."

எத்தனையோ வெங்காயக் கடன் மனுக்களில் "விளைச்சல் சேமிப்பில் வீணானது" என்ற வரியைப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வரியின் நாற்றம் அன்றுதான் தெரிந்தது.

இனிப்பு என்பது என்ன?

அக்கா சொன்னதன் காரணத்தைத் தேடிப் படித்தேன். வெங்காயம் மண்ணிலிருந்து கந்தகத்தை எடுத்துத் தன் செல்களில் ஒரு பொருளாகச் சேர்த்து வைக்கிறது. பக்கத்து அறையில் பூட்டி வைத்த மாதிரி ஒரு நொதியும் அதே செல்லில் தனியாக இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடாதவரை வெங்காயத்துக்கு மணமும் இல்லை, காரமும் இல்லை. கத்தி பட்டுச் செல் உடைந்ததும் இரண்டும் கலக்கின்றன. காரம் பிறக்கிறது, கண்ணை எரிக்கும் ஆவி கிளம்புகிறது.

மண்ணில் கந்தகம் குறைவாக இருந்தாலும், தண்ணீர் அதிகம் கிடைத்தாலும் காரம் குறையும். அப்போது நாக்குக்கு இனிப்புத் தெரியும். சர்க்கரை கூடியதால் வந்த இனிப்பு இல்லை இது. காரமான வெங்காயத்திலும் சர்க்கரை அதே அளவு இருக்கும், பல சமயம் அதிகமாகவே இருக்கும். காரம் அதை மறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனிப்பு வெங்காயத்துக்குப் பெயர்போன ஊர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் விடாலியா வெங்காயம் அப்படி ஒன்று. 1930-களின் தொடக்கத்தில் அங்கே ஒரு விவசாயி தன் வெங்காயத்தில் காரமே இல்லாததைக் கண்டார். காரணம் கந்தகம் குறைந்த மணல் மண். இன்ன மாவட்டங்களில் விளைந்தால்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று 1986-ல் அந்த மாநிலம் சட்டமே போட்டது. நம் நாட்டில் மகாராஷ்டிராவின் ராய்கட் மாவட்டத்தில் அலிபாக் வெள்ளை வெங்காயம் இருக்கிறது. நெல் அறுத்த வயலில் போடுவார்கள். தாளோடு பின்னி மாலையாகத் தொங்கவிட்டு விற்பார்கள். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அந்த மண்ணுக்கு அது சொத்து. அதைப் பார்த்து நம் கரிசல் காட்டில் தண்ணீரைக் கொட்டி இனிப்பு வரவழைத்தால் என் கதைதான் ஆகும்.

முழுசா, நறுக்கியா, அரைத்தா?

மேலே சொன்ன நொதிக் கணக்குத் தெரிந்துவிட்டால் சமையலில் பாதி தெரிந்த மாதிரி. நொதி சூடு பட்டால் செத்துவிடும். அதனால் தோலுரித்த சின்ன வெங்காயத்தை முழுசாகச் சூட்டில் போட்டால், கலப்பு நடக்கும் முன்பே நொதி அடங்கிவிடுகிறது. காரம் பெரிதாகப் பிறப்பதே இல்லை. சாம்பாரில் முழு வெங்காயம் கற்கண்டு மாதிரி இனிப்பது இதனால்தான். நறுக்கிப் போட்டால் மணம் கூடும். பச்சையாக அரைத்தால் எல்லாச் செல்லும் உடைந்து கசப்பே தட்டும். சட்னிக்கு வதக்கி ஆறவைத்து அரைக்கச் சொல்வது வெறும் வழக்கம் இல்லை.

இனி தொட்டுக்கைகள். நான்கு மட்டும் சொல்கிறேன்.

தயிர்ப் பச்சடி: இதற்குக் காரம் குறைந்த காய், ஈரக்காய், பெரிய வெங்காயம் எல்லாம் பொருந்தும். மெல்லிசாக நறுக்கி, கல் உப்புப் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். விட்ட தண்ணீரை வடித்து, சாப்பிட உட்காரும்போது கெட்டித் தயிரைக் கலக்குங்கள். முன்பே கலந்தால் நீர்த்து, வாசமும் மாறிவிடும். கார வெங்காயம்தான் வீட்டில் இருக்கிறது என்றால், நறுக்கியதும் பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசிப் பிழியுங்கள். வெட்டிய இடத்தில் பிறந்த காரம் தண்ணீரோடு போய்விடும்.

முழு வெங்காயப் புளிக்கறி: பட்டறைக் காய்க்கு ஏற்றது. கால் கிலோ உரித்த வெங்காயத்துக்கு இரண்டு கரண்டி நல்லெண்ணெய். கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து வெங்காயத்தை முழுசாகப் போட்டு, மூடி வைத்து மெல்லிய தீயில் பத்து நிமிடம் விடுங்கள். தோல் கண்ணாடி போலானதும் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு. நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றிச் சுண்டவையுங்கள். கம்மஞ்சோறு, குதிரைவாலிச் சோறு இரண்டுக்கும் நன்றாக இருக்கும்.

தொக்கு: கார வெங்காயத்தின் அருமை இதில்தான் தெரியும். ஒரு கிலோ வெங்காயம், 150 மில்லி நல்லெண்ணெய், பதினைந்து காய்ந்த மிளகாய், எலுமிச்சை அளவு புளி. மிளகாயைக் கொஞ்சம் எண்ணெயில் வறுத்து, புளியோடு அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதி எண்ணெயில் கடுகு தாளித்து, நறுக்கிய வெங்காயத்தைப் போட்டதுமே உப்பையும் போடுங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும். தீயைக் கூட்டாதீர்கள். கூட்டினால் வெளியே கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும். முக்கால் மணி நேரம் பொறுமையாகக் கிளறினால் காரம் ஆவியாகப் போய், தண்ணீர் வற்றி, மறைந்திருந்த சர்க்கரை திரண்டு செம்பழுப்பு நிறம் வரும். அப்போது அரைத்த விழுதைச் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்கி இறக்குங்கள். வெல்லமே போடாமல் இனிக்கும். ஈரக் கரண்டி படாமல் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். என் தண்ணீர் குடித்த வெங்காயத்தில் இதே தொக்கு ஒன்றேகால் மணி நேரம் கிளறியும் கூழாகத்தான் நின்றது.

வடகம்: பொடிக்காய், இரட்டைக்காய், ஒரு பக்கம் அடிபட்டது என்று மண்டியில் கழிக்கும் காய்களுக்கு இதுதான் வழி. அழுகல் மட்டும் சேரக்கூடாது. உரலில் ஒன்றிரண்டாக இடித்த வெங்காயத்தோடு பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து ஒரு நாள் மூடி வையுங்கள். மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் காயவைத்து, சாயங்காலம் உதிர்த்து மறுபடி பிடியுங்கள். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டிக் கல்லுப் போலாகும்வரை காயவிடுங்கள். சித்திரை வெயிலில் பத்து நாள் ஆகும். கீரை கடைசலுக்கும் புளிக்குழம்புக்கும் ஒரு துண்டு தாளித்தால் போதும். வறுத்துத் தேங்காயோடு அரைத்தால் துவையல். வருடம் முழுக்க நிற்கும்.

அந்தச் சித்திரையில் பட்டறையில் அரைகுறையாகத் தேறிய முப்பது கிலோவை வீட்டம்மா இப்படித்தான் வடகமாக்கினார். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அந்த வருட வெங்காயத்தில் ஏதோ கொஞ்சம் மிச்சம் வைத்தது அவர் கைதான்.

நாக்கை வைத்துப் பிரியுங்கள்

அடுத்த கார்த்திகையில் அதே அரை ஏக்கர். ஐம்பதாம் நாளுக்கு மேல் மீன் அமிலம் இல்லை. அறுவடைக்குப் பதினைந்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தினேன். தாள் பாதிக்கு மேல் சாய்ந்து மஞ்சளான பிறகே பிடுங்கினேன். பிடுங்கியதை நிழலில் உலர்த்தி, கழுத்து நன்றாகச் சுருங்கி மூடிய பிறகு தாளை ஓர் அங்குலம் விட்டு அரிந்தோம்.

விளைச்சல் 2,050 கிலோதான். காய் சிறுத்திருந்தது. எடையில் 250 கிலோ போயிற்றே என்று மனது அடித்துக்கொண்டது. பட்டறையில் 700 கிலோ வைத்தேன். வைகாசியில் பிரித்தபோது தேறியது 590 கிலோ. விதை போக 290 கிலோ விற்க இருந்தது. முந்தின வருடம் பிரித்ததில் விதை போக மிஞ்சியது 30 கிலோ, அதுவும் வடகத்துக்கு. லாபம் எது, நஷ்டம் எது என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இப்போது பட்டறை அடைக்கும் முன் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். காட்டின் நான்கு மூலையிலிருந்தும் நடுவிலிருந்தும் ஐந்தாறு காய் எடுத்து வீட்டம்மா பச்சையாக நறுக்குவார். நானும் கூட உட்கார்ந்து கடித்துப் பார்ப்பேன். கண் எரிந்து நாக்குச் சுள்ளென்றால் அந்தப் பகுதிக் காய் பட்டறைக்கும் விதைக்கும். வாய்க்கால் தலைப்பில், தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் விளைந்தது பெரும்பாலும் இனிக்கும். அதை முதலில் விற்றுவிடுவோம், அல்லது அந்த மாதமே பச்சடிக்கும் பொரியலுக்கும் தீர்த்துவிடுவோம். எந்தக் கருவியும் வேண்டாம், செலவு ஆறு வெங்காயம். கழுத்து ஈரமாக இருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள்.

புதிதாக வெங்காயம் வைக்க நினைக்கும் நண்பர்களுக்கு ஒன்று. விளைந்ததில் நல்லதை எல்லாம் மண்டிக்கு அனுப்பிவிட்டுக் கடையில் வாங்கிச் சமைக்கும் பழக்கம் நம்மில் பல பேருக்கு இருக்கிறது. உங்கள் காட்டு வெங்காயத்தை உங்கள் வீட்டு அடுப்பில் முதலில் ஏற்றுங்கள். தண்ணீர் கூடிப்போனதா, உரம் கூடிப்போனதா, எத்தனை மாதம் நிற்கும் என்பதை அது சொல்லும். சமைக்கிறவர் "தொக்கு திரளலைங்க" என்று சொன்னால் தயவுசெய்து காதில் வாங்குங்கள். நான் வாங்காமல் விட்டது 470 கிலோ.