நடக்கவிடாத முதுகு

அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், திண்ணையில் உட்கார்ந்திருக்கும்வரை யாதொரு உபத்திரவமும் இல்லாமல் உலக விவகாரங்களைப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, கடைத்தெருவுக்கென்று புறப்பட்டுச் சற்றுத் தூரம் போவதற்குள் இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரையில் ஒரு கனமும் மதமதப்பும் இறங்கிவர, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, முன்புறம் குனிந்து சிறிது இளைப்பாறிய பின்னரே மறுபடி எழுந்து நடக்கக் காண்கிறோம். வயசாகிவிட்டது என்பார்கள் வீட்டார். வாதம் என்பார்கள் அண்டை அயலார். ஹாலந்து தேசத்து யூட்ரெக்ட் நகரில் நரம்பு சஸ்திர வைத்தியராயிருந்த ஹெங்க் வெர்பீஸ்ட் என்பவர், இடுப்பு முள்ளெலும்புகளின் நடுவே நரம்புகள் செல்லும் குழாய் குறுகுவதால் விளையும் வியாதி இது என்று 1954-இல் தெளிவுற எழுதினார்.

குழாய் குறுகும் விதம்

இடுப்புப் பகுதியிலுள்ள ஐந்து முள்ளெலும்புகளுக்கு இடையே, ஜவ்வு என்று நாம் சொல்லும் வட்டுகள் வயது ஏற ஏற நீர்ச்சத்தை இழந்து பிதுங்குகின்றன. பின்புறத்து மூட்டுகள் பருக்கின்றன. எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் தடிக்கின்றன. மூன்றும் கூடி நரம்புகளை நெருக்குகின்றன. நிமிர்ந்து நிற்கையில் குழாய் மேலும் ஒடுங்குவதாலும், குனிகையில் சற்றே விரிவதாலும், நூறடி நடக்க முடியாதவர் சைக்கிளில் வெகு தூரம் போய்விடுவது உண்டு. இந்த விநோதம் நோயை அறிய நல்லதோர் அடையாளம். காலின் ரத்தக்குழாய் அடைபட்டாலும் நடக்கையில் வலிக்கும். ஆனால் அவ்வலி, குனியாமல் வெறுமனே நின்றாலே தணியும். நீரிழிவுள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இரண்டும் சேர்ந்தே இருக்கலாமாகையால், பாதத்து நாடியையும் வைத்தியர் தொட்டுப் பார்ப்பது அவசியம்.

படமும் மனிதரும்

எம்.ஆர்.ஐ. படத்தின் அறிக்கையில் 'தேய்மானம்' என்ற சொல்லைக் கண்டதுமே கலங்குகிறவர்கள் அநேகர். வலியென்பதே அறியாத முதியவர்களைப் படமெடுத்தாலும் பெரும்பாலோருக்குத் தேய்வு தென்படும். எனவே சிகிச்சை படத்துக்கு அன்று, மனிதருக்கே. இந்தக் குழாய்ச் சுருக்கம் பலருக்கு வருஷக்கணக்கில் அதே நிலையில் நின்றுவிடுவதால், தேகப்பயிற்சியும், உடல் எடையைக் குறைப்பதும், சைக்கிள் மிதிப்பதும், அளவறிந்த மருந்தும் போதுமானவையாக இருக்கக்கூடும். வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோர் சிறுநீரகத்தைப் பணயம் வைக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குத் தற்காலிக நிவாரணம் தரும். நீரிழிவுக்காரருக்குச் சில நாட்கள் சர்க்கரையை ஏற்றியும் விடும்.

தாமதிக்கலாகாத வேளை

சிறுநீர் அடைபடுதல் அல்லது தன்னையறியாமல் கழிதல், ஆசனவாயைச் சுற்றியும் தொடையின் உட்புறத்திலும் உணர்ச்சி மங்குதல், கால்கள் திடீரெனப் பலமிழத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும், மறுநாள் பார்க்கலாம் என்றிராமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்க.

கத்தியைப் பற்றிய பயம்

பயிற்சியாலும் மருந்தாலும் குணமாகாதவர்களுக்குச் சஸ்திர சிகிச்சை உண்டு; ஆனால், முதுகில் கத்தி வைத்தால் கால் விளங்காமல் போய்விடும், படுத்த படுக்கைதான் என்ற அச்சம் நம் ஜனங்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. தண்டுவடமானது பெரியவர்களுக்கு முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது என்பதும், இந்தச் சுருக்கம் பெரும்பாலும் அதற்குக் கீழே, நரம்பிழைகள் மாத்திரம் செல்லும் இடத்தில் நேர்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை; நரம்புறை கிழிதல், தொற்று, ரத்தம் உறைதல், அபூர்வமாக நரம்பே பழுதுறுதல் ஆகியவை நேரக்கூடும். மேலும், கால் வலியைத் தீர்ப்பதில் இந்தச் சிகிச்சைக்குள்ள கீர்த்தி, முதுகுவலியைத் தீர்ப்பதில் இல்லை; நெடுநாள் மரத்த பாதம் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு. இவ்வுண்மையை முன்கூட்டி அறியாதவரே, சிகிச்சை செவ்வையாக முடிந்த பின்பும் ஏமாந்தோம் என்று வருந்துகிறார்.

குழாயின் பின்சுவரான எலும்பைச் செதுக்கி நரம்புக்கு இடம் விடுவதே பிரதான காரியம். அத்துடன் திருகாணிகள் இட்டு எலும்புகளை இணைக்கவும் வேண்டுமா என்பது வேறு கேள்வி. ஸ்வீடனில் நடத்திய பரிசோதனையொன்றின் முடிவு 2016-இல் வெளியானபோது, இணைப்பையும் சேர்த்துச் செய்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நன்மை பெறவில்லை என்று தெரிந்தது. திருகாணி அவசியமான நோயாளிகளும் உண்டு. தமக்கு அது ஏன் என்று கேட்பது எவருக்கும் உரிமை. கேட்டால் கோபிக்கும் வைத்தியரைவிட, விளக்கும் வைத்தியரே மேல்.

நாள் குறிக்குமுன்

ரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் தொற்றின் பயம் குறையும். பீடி, சிகரெட்டை விட்டால்தான் இணைத்த எலும்பு நன்றாகக் கூடும். நம் குடும்பங்களில் பிள்ளைகளும் மருமக்களும் வைத்தியரோடு பேசி முடித்துவிட, நோயாளி ஒரு மூலையில் மௌனமாக அமர்ந்திருப்பது வழக்கமாகிவிட்டது. எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, கோயிலோ கடையோ எங்கெங்கே போவது நின்றுவிட்டது, இரவில் தூக்கம் வருகிறதா என்பனவற்றை அறிந்தவர் அவர் ஒருவரே. ஆகவே, பெரியோர்களே, வைத்தியரின் அறையில் முதலில் நீங்கள் பேசுங்கள்.