வயசுதான் இங்கே தகுதி! பழைய ராணுவ ரைஃபிள்களோடு மோதும் துப்பாக்கி சுடும் போட்டிகள்

போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் கருவூலத்திலும் பாரா நிற்கும் காவலர் தோளில், மரக்கட்டை பிடி வைத்த நீளமான ஒரு துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். 'பாயிண்ட் த்ரீ நாட் த்ரீ' என்று நம் ஊரில் பிரபலமான .303 ரைஃபிள்தான் அது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ், இந்திய வீரர்கள் சுமந்தது இதன் தாத்தா. கொல்கத்தா பக்கத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் இங்கேயே தயாரானது. உத்தரப்பிரதேச போலீஸ் இதற்கு முறைப்படி விடைகொடுத்ததே 2020-ல்தான்.

இப்படி ரிட்டயர் ஆன ரைஃபிள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல், மைதானத்துக்குக் கொண்டுவந்து போட்டி நடத்தினால் எப்படி இருக்கும்? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள். பரிசு கிடக்கட்டும், அந்த 'தாத்தா'வோடு ஒத்துப்போவதே பெரிய சவால்.

எங்கே நடக்கிறது?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிறது 'கேம்ப் பெர்ரி'. 1907-லிருந்து தேசிய அளவிலான துப்பாக்கி சுடும் போட்டிகள் நடக்கும் இடம். 'சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம்', சுருக்கமாக சி.எம்.பி. என்ற அமைப்பு, இங்கே பழைய ராணுவ ரைஃபிள்களுக்கென்றே தனிப் போட்டிகள் நடத்துகிறது. இரண்டாம் உலகப் போரின் எம்-1 கேரண்ட் ரைஃபிளுக்கு ஒன்று, அதற்கு முந்தைய ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளுக்கு ஒன்று. பிரிட்டனின் லீ என்ஃபீல்டு, ஸ்வீடனின் மவுசர், சுவிட்சர்லாந்தின் கே-31, ரஷ்யாவின் மொசின் நாகன்ட் மாதிரியான மற்ற நாட்டு ரைஃபிள்களுக்கு 'வின்டேஜ்' என்று இன்னொன்று.

என்னதான் விதிமுறை?

அடிப்படை விதி ரொம்ப எளிமை. 'ராணுவ வீரன் கையில் எப்படிக் கொடுத்தார்களோ, அப்படியே இருக்கணும்.' டெலஸ்கோப் பொருத்துவது, மரக்கட்டையை உங்கள் தோளுக்கு ஏற்றபடி செதுக்குவது எல்லாம் கூடாது. ட்ரிகரைக்கூட இஷ்டத்துக்கு லேசாக்க முடியாது. கேரண்ட் ரைஃபிளின் ட்ரிகர் குறைந்தது நாலரை பவுண்டு, அதாவது சுமார் 2 கிலோ எடையைத் தாங்கணும். பணக்காரர் வைத்திருக்கும் ரைஃபிளும் சாதாரண ஆள் வைத்திருக்கும் ரைஃபிளும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் நிற்பதற்கு இந்த விதிதான் காரணம்.

தூரம் 200 கஜம், அதாவது 183 மீட்டர். முதலில் குறியைச் சரிபார்க்க 5 தோட்டாக்கள். பிறகு மதிப்பெண்ணுக்காக 30. குப்புறப் படுத்து நிதானமாக 10, படுத்தபடி வேகமாக 10, கடைசியாக எந்தச் சாய்மானமும் இல்லாமல் நின்றபடி 10. மொத்தம் 300 மதிப்பெண். பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 7 அங்குலம்தான். நம் வீட்டு டிபன் தட்டைவிடச் சின்னது. அதை 183 மீட்டர் தள்ளி வைத்து, வெறும் இரும்புக் குறிமுனை வழியாகப் பார்த்துச் சுடணும்!

இதில் இன்னொரு விஷயம் உண்டு. ஒருவர் சுடும்போது, இன்னொரு பிரிவினர் இலக்குக்குக் கீழே உள்ள பள்ளத்தில் பாதுகாப்பாக நிற்பார்கள். குண்டு பட்டதும் இலக்கை இறக்கி, ஓட்டையில் அடையாள வில்லை சொருகி, மறுபடி ஏற்றுவார்கள். அப்புறம் இடம் மாறிக்கொள்வார்கள். உங்கள் மதிப்பெண்ணுக்காக உழைப்பவரே உங்கள் போட்டியாளர்தான்.

'டிங்' சத்தமும் நசுங்கும் கட்டைவிரலும்

கேரண்ட் ரைஃபிளை வடிவமைத்தவர் ஜான் கேரண்ட். கனடாவில் பிறந்தவர். தோட்டாவை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து ஏற்றத் தேவையில்லாத இந்த ரைஃபிளை அமெரிக்க ராணுவம் 1936-ல் ஏற்றுக்கொண்டது. 50 லட்சத்துக்கும் மேல் தயாரானாலும், ஒவ்வொரு ரைஃபிளுக்கும் இவ்வளவு என்று ராயல்டி எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை.

இதில் 8 தோட்டாக்களை ஓர் இரும்பு கிளிப்போடு சேர்த்து மேலிருந்து அழுத்தணும். கடைசித் தோட்டா வெடித்ததும் காலி கிளிப் 'டிங்' என்று எகிறி வெளியே விழும். ஆனா, கிளிப்பை அழுத்தும்போது விரலை எடுக்கத் தாமதித்தால், போல்ட் பாய்ந்து வந்து கட்டைவிரலை நசுக்கிவிடும். இதற்கு 'கேரண்ட் கட்டைவிரல்' என்றே பெயர் உண்டு. வேகச் சுற்றில் 10 தோட்டாக்கள் தேவை, கிளிப்பிலோ 8 தான். அதனால் முதலில் 2, பிறகு 8 என்று ஏற்றிச் சுடுவார்கள். பதற்றத்தில் இந்த இடத்தில்தான் பலருக்கு மதிப்பெண் போகும்.

பழசுக்கு மரியாதை... பாதுகாப்புக்கு முதலிடம்

பழைய ரைஃபிளை வாங்கியதும் நேரே மைதானத்துக்குப் போய்விட முடியாது. நிபுணர் ஒருவர் அதைச் சோதித்தே ஆகணும். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில் தயாரான 1903 மாடல் ரைஃபிள்களில், 8 லட்சத்துக்குக் கீழே வரிசை எண் உள்ளவற்றைச் சுடவே வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். அப்போது இரும்பைச் சூடேற்றிப் பதப்படுத்திய முறையில் குறை இருந்ததால், சில ரைஃபிள்கள் சுடுபவர் முகத்துக்கு முன்னாலேயே உடைந்திருக்கின்றன.

தோட்டாவிலும் கவனம் வேண்டும். இன்றைய வீரியமான வேட்டைத் தோட்டாவைப் போட்டால், கேரண்டின் உள்ளே இயங்கும் கம்பி வளைந்துவிடும். பல பழைய ராணுவத் தோட்டாக்கள் வெடித்த பிறகு பேரலுக்குள் உப்பை விட்டுச் செல்லும். எண்ணெய் மட்டும் போட்டுத் துடைத்தால் போதாது. முதலில் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அப்புறம் எண்ணெய் போடணும். இல்லையென்றால் பேரல் உள்ளுக்குள் துருப்பிடித்துவிடும்.

சுடலாமா, பூட்டி வைக்கலாமா?

இந்தப் பொழுதுபோக்கில் தீராத வாதம் இது. ஒவ்வொரு குண்டும் பேரலைக் கொஞ்சம் தேய்க்கிறது. அசல் உதிரிபாகங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 'இது சரித்திரம், பத்திரமாக வைக்கணும்' என்பது ஒரு தரப்பு. 'சுட்டுப் பார்த்தால்தான் அந்த எடையும் உதைப்பும், அன்றைய வீரன் பட்ட பாடும் புரியும்' என்பது இன்னொரு தரப்பு. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அரிதான ரைஃபிளை அப்படியே பாதுகாத்துவிட்டு, ஏற்கெனவே பேரல் மாற்றப்பட்ட சாதாரண ரைஃபிளோடு போட்டிக்கு வருவது நல்ல நடுவழி.

ஒன்றை மறக்கக் கூடாது. இவை மனிதரைக் கொல்லச் செய்யப்பட்ட கருவிகள். இந்தப் போட்டிகளில் ஒழுங்கு கறாராக இருப்பதும் அதனால்தான். சுடாத நேரத்தில் ரைஃபிளின் தோட்டா அறை காலி என்பதைக் காட்ட, பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடி சொருகியே இருக்கணும். கண்ணாடி, காது மூடி கட்டாயம். யார் 'நிறுத்து' என்று கத்தினாலும் எல்லோரும் நிறுத்தணும்.

நம் ஊரில் முடியுமா?

.303 மாதிரியான ராணுவ அளவுகள் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட வகை. அதனால் இதே போட்டியை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனா, இதன் அடிப்படைப் பயிற்சி எல்லாத் துப்பாக்கிக்கும் பொது. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் உள்ள ரைஃபிள் கிளப்களில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தொடங்கலாம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, இலக்கைவிட முன் குறியில் பார்வையைப் பதிப்பது, ட்ரிகரை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அழுத்துவது... இந்த மூன்றும் கைவந்தால் போதும். கேம்ப் பெர்ரியில் 80 வயது ரைஃபிளை வைத்துக்கொண்டு படுத்திருப்பவரும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்!